ஊசிக்கு எது வழிகாட்டட்டும்? அல்ட்ராசவுண்ட், அச்சுத் தட்டு, காந்தப்புலம், கலப்பு மெய்ம்மைக் கண்ணாடி

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டார்கள்.

ஒருவர் ஜோகூர் பாருவில் வேலை பார்க்கும் மருத்துவ இயற்பியலாளர். சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் பயிற்சிக்கு வந்து போனவர். "அண்ணே, துறைக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். கலப்பு மெய்ம்மைக் கண்ணாடி இரண்டு வாங்கலாம் என்கிறார் டாக்டர். எனக்கு அந்தப் பழைய அல்ட்ராசவுண்டை மாற்றினால் தேவலை என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இன்னொருவர் சிங்கப்பூரில், அங் மோ கியோவில் இருக்கும் அக்கா. கணவருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய். உள்ளே ஊசி வைத்துக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "கண்ணாடி போட்டுக்கொண்டு உடம்புக்குள்ளே பார்த்தபடியே ஊசி போடுகிறார்களாமே தம்பி, வீடியோவில் பார்த்தேன். அவரை அந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா?"

தொலைபேசியில் இருவருக்கும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

## முதலில், ஊசி எதற்கு?

வெளியிலிருந்து கதிரைப் பாய்ச்சாமல், கதிரியக்க மூலத்தையே கட்டிக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் பிராக்கிதெரபி. புரோஸ்டேட், கருப்பை வாய், மார்பகம், நாக்கு, உதடு என்று பல இடங்களில் இதைச் செய்வார்கள். இதில் இரண்டு வகை உண்டு. அரிசி மணி அளவிலான அயோடின்-125 விதைகளை உள்ளேயே நிரந்தரமாக விட்டுவிடுவது ஒன்று. அவற்றின் அரை ஆயுள் ஏறக்குறைய 60 நாள். மற்றது உயர்வீத முறை. வெற்று ஊசிகளை முதலில் செலுத்திவிடுவார்கள். அப்புறம் கம்பி நுனியில் இருக்கும் இரிடியம்-192 துணுக்கை இயந்திரம் ஒவ்வொரு ஊசிக்குள்ளும் அனுப்பி, கணக்குப்படி சில விநாடிகள் நிறுத்தி, திரும்ப இழுத்துக்கொள்ளும். புரோஸ்டேட்டுக்குப் பொதுவாகப் பன்னிரண்டிலிருந்து இருபது ஊசி வரை போகும்.

தூரம் கூடக்கூடக் கதிர் அதன் வர்க்கத்தின் விகிதத்தில் குறையும். பள்ளியில் படித்த அந்தத் தலைகீழ் வர்க்க விதிதான் இந்தச் சிகிச்சையின் பலம், பயமும் அதுதான். மலக்குடலின் சுவரிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டிய மூலம் 8 மில்லிமீட்டரில் இருந்தால், அந்த ஒரு புள்ளி கொடுக்கும் கதிர் 56 சதவீதம் கூடிவிடும். 5 மில்லிமீட்டர் 3 ஆனால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. அதனால்தான் நாங்கள் மில்லிமீட்டருக்காக இவ்வளவு மெனக்கெடுகிறோம்.

உயர்வீத முறையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஊசிகள் எல்லாம் உள்ளே போன பிறகுதான் இறுதிக் கணக்கைப் போடுகிறோம். ஓர் ஊசி இரண்டு மில்லிமீட்டர் விலகிப் போயிருந்தால், அது விலகியிருப்பது நமக்குத் தெரிந்தால், அந்த ஊசியில் மூலம் நிற்கும் நேரத்தைக் குறைத்து, பக்கத்து ஊசியில் கூட்டிப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். விலகியது தெரியாமல் போனால்தான் ஆபத்து. ஊசி தவறான இடத்தில் இருப்பதைவிட, அது சரியான இடத்தில் இருக்கிறது என்று நாம் தவறாக நம்புவது மோசம். விதை முறையில் இந்தச் சலுகை கிடையாது. விதை விழுந்தது விழுந்ததுதான்.

கீழே நான் எடைபோடுவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் முதலில் கேட்பது: இந்தக் கருவி ஊசி நுனி இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டுகிறதா, அல்லது எங்கே இருக்க வேண்டும் என்று நேற்று முடிவு செய்ததைக் காட்டுகிறதா? மற்ற எதையும்விட இதற்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

அப்புறம், துல்லியம் எங்கே அளக்கப்பட்டது. பிளாஸ்டிக் மாதிரியில் கிடைத்த எண்ணும் உயிருள்ள சதையில் கிடைக்கும் எண்ணும் ஒன்றல்ல. சாய்வாகச் சீவிய நுனி கொண்ட நீள ஊசி உள்ளே போகும்போது வளையும். குத்தக் குத்தப் புரோஸ்டேட் வீங்கும், கொஞ்சம் திரும்பும், முன்னே தள்ளப்படும்.

மூன்றாவது, நோயாளி மயக்கத்தில் இருக்கும் நேரம் கூடுகிறதா குறைகிறதா. நான்காவது, பாதி வழியில் கருவி நின்றுபோனால் என்ன செய்வது. கடைசியாகப் பணம். விலைப்பட்டியலில் இருப்பது மட்டும் செலவாகாது, பட்டியலில் இல்லாததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

## அல்ட்ராசவுண்டும் துளைத் தட்டும்

மலக்குடல் வழியாக வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி, அதோடு இணைத்துப் பூட்டிய துளைத் தட்டு. டெம்ப்ளேட் என்று நாங்கள் சொல்லும் இந்தத் தட்டில் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகத் துளைகள் இருக்கும். திரையிலும் அதே கட்டங்கள் தெரியும். சி-4 துளையில் நுழைத்தால் சி-4 கட்டத்தில் வெள்ளைப் புள்ளியாக ஊசி தெரிய வேண்டும்.

பார்க்கப் பழைய கருவி மாதிரி இருக்கும். ஆனால் என் முதல் கேள்விக்கு இதுதான் சரியாகப் பதில் சொல்கிறது. சதை நகர்ந்தால் படமும் நகர்கிறது. ஊசி வளைந்தால் வளைந்தது தெரிகிறது. கதிர்வீச்சு இல்லாத படம் என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. முதலில் போன ஊசி தன் பின்னால் நிழல் விழவைக்கும். அதனால்தான் கருவிக்குத் தொலைவில் உள்ள முன்வரிசையிலிருந்து ஆரம்பிக்கிறோம். சுண்ணாம்பு படிந்த புரோஸ்டேட்டாக இருந்தால் படம் கலங்கலாகும். சுரப்பி பெரிதாக இருந்தால் இடுப்பின் முன்எலும்பு வளைவு குறுக்கே நிற்கும். தட்டின் துளை நேராக மட்டும்தான் போகும், எலும்பைச் சுற்றிச் சாய்ந்து போகாது. இந்தக் கடைசிக் குறைதான் புதுக் கருவிகளுக்கு உண்மையான வாசலைத் திறந்துவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவு கருவியில் இல்லை, கண்ணில் இருக்கிறது. சாம்பல் நிறப் படத்தில் ஊசி நுனியைப் பிரித்தறியும் கண் ஒரே மாதத்தில் வராது. ஆண்டுக்கு நாலைந்து நோயாளிகளை மட்டும் பார்க்கும் துறையில் அந்தக் கண் மங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில இடங்களில் அறுவை அறையில் ஊசி வைத்துவிட்டு, நோயாளியைத் தூக்கி சிடி அறைக்கு, அங்கிருந்து சிகிச்சை அறைக்குக் கொண்டுபோவார்கள். இந்தப் பயணத்தில் ஊசிகள் கால் பக்கமாகச் சில மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் மேலே, நழுவுவது நன்றாகத் தெரிந்த விஷயம். எவ்வளவு நுட்பமான வழிகாட்டியை வைத்து ஊசி போட்டிருந்தாலும் அந்தத் தள்ளுவண்டிப் பயணம் அதைக் கெடுத்துவிடும். அல்ட்ராசவுண்டை வைத்து ஒரே மேசையில் குத்தி, கணக்குப் போட்டு, சிகிச்சையும் முடித்துவிட்டால் பாதிக் கவலை போயிற்று.

## எம்ஆர்ஐயும் அச்சுத் தட்டும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் கதை வேறு. அங்கே கட்டியின் எல்லையை எம்ஆர்ஐ காட்டுவது போல மற்றவை காட்டுவதில்லை. கருப்பைக்குள் போகும் குழாயும் சுற்றிலும் வளையமும் வைத்து, அதன் துளைகள் வழியாகத் தேவையான ஊசிகளையும் செலுத்தி, எம்ஆர்ஐ எடுத்து, அந்தப் படத்தின் மீதே கணக்குப் போடுவார்கள். எம்ப்ரேஸ்-1 ஆய்வு 2021இல் வெளியானது. 1,341 பெண்களின் முடிவுகள் அதில் இருந்தன. இந்த முறையில் ஐந்து ஆண்டு முடிவில் 92 சதவீதத்தினருக்குச் சிகிச்சை செய்த இடத்தில் கட்டி திரும்பவில்லை. தலையில் எதையும் மாட்டிக்கொள்ளாமல், நல்ல படத்தாலும் பொறுமையான கணக்காலும் வந்த முடிவு இது. கண்ணாடி பற்றிய எந்தப் பேச்சிலும் நான் இந்த எண்ணை ஒரு பக்கம் வைத்துக்கொள்வேன்.

கட்டி ஒரு பக்கமாகப் படர்ந்திருந்தால் வழக்கமான வளையம் எட்டாது. அப்போது அந்தப் பெண்ணின் உடலமைப்புக்கென்றே 3டி அச்சில் தட்டு செய்து, சாய்வான துளைகளை முன்கூட்டியே வடிவமைக்கலாம். ஊசி அந்தக் கோணத்தில்தான் போகும், கை நடுங்கினாலும் மாறாது. உதடு, தோல் போன்ற மேற்புறக் கட்டிகளுக்கும் இது நன்றாகப் பொருந்தும்.

அச்சு இயந்திரத்தின் விலையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உடம்புக்குள் வைக்கத் தகுந்த பிசின் தனி, அதைக் கிருமி நீக்கும் வெப்பத்தில் வளைகிறதா என்று சோதிப்பது தனி, ஒவ்வொரு தட்டையும் வடிவமைத்துச் சரிபார்க்க இயற்பியலாளரின் அரை நாளும் வேண்டும். ஒரு பெண்ணுக்காகச் செய்த தட்டு அடுத்தவருக்கு உதவாது.

## காந்தப்புலத் தடங்காட்டி

நோயாளியின் அருகே ஒரு பெட்டி மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்கும். ஊசிக்குள் நூல் போன்ற உணரி போகும். நுனி எங்கே இருக்கிறது என்று திரையில் எண்ணாகவே வந்துவிடும். இது கேமரா இல்லை என்பதால் நடுவே எது மறைத்தாலும் கவலையில்லை, வளைந்த ஊசியின் நுனியையும் அது சொல்லும். ஊசி வைத்து முடித்த பின் ஒவ்வொரு குழாயின் பாதையையும் அளந்து, கணக்கில் இரண்டு ஊசிகளின் எண் மாறிப்போயிருக்கிறதா என்று பார்க்கவும் உதவும். அந்தக் கடைசி உபயோகம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இரும்பு இதற்கு எதிரி. அறுவை மேசை, கால்தாங்கி, அல்ட்ராசவுண்ட் கருவி என எது பக்கத்தில் வந்தாலும் புலம் கோணும், எண்ணும் கோணும். ஒவ்வொரு அறையிலும் முதலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

## கலப்பு மெய்ம்மைக் கண்ணாடி

இப்போது எல்லாரும் கேட்கும் விஷயத்துக்கு வருவோம். நோயாளியின் சிடி அல்லது எம்ஆர்ஐயிலிருந்து கட்டி, மலக்குடல், எலும்பு எல்லாம் முப்பரிமாண உருவமாகிக் கண்ணாடிக்குள் வரும். உடம்பில் ஒட்டிய குறியட்டைகளைக் கேமரா பிடித்து, அந்த உருவத்தை உடம்பின் மேலேயே பொருத்திக் காட்டும். ஊசி போக வேண்டிய பாதை ஒளிக்கோடாகத் தெரியும்.

முதல் தடவை மாட்டிப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பயிற்சிப் பட்டறையில் அகர் அகர் கட்டிக்குள் புதைத்த உருண்டையைக் குறிபார்க்கச் சொன்னார்கள். முன்னால் நின்றபோது உருவம் அச்சாகப் பொருந்தியது. ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தேன். உருண்டையின் பிம்பம் அரை விரல் அகலம் நழுவி நின்றது. ஆழத்தில்தான் இந்தப் பிழை அதிகம். இடம் வலம் சரியாக இருப்பது போல உள்ளே எவ்வளவு தூரம் என்பது சரியாக இருப்பதில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 என்ற கண்ணாடி காட்டும் பிம்பம் ஒளியியல் கணக்கில் கண்ணிலிருந்து சுமார் 2 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஊசி பிடித்த கையோ அரை மீட்டரில். கண் இரண்டிலும் ஒரே நேரத்தில் குவிய முடியாது. நாற்பத்தைந்து வயது தாண்டிய மருத்துவர்களுக்கு இது இன்னும் சிரமம். உங்கள் கை பிம்பத்துக்கு முன்னால் வந்தாலும் பல நேரம் பிம்பம் கையை மறைத்துக்கொண்டு மேலே தெரியும். எது முன்னால், எது பின்னால் என்று மூளை குழம்பும்.

பிழைகள் சேரும் விதத்தையும் பாருங்கள். உதாரணத்துக்கு, உருவத்தை உடம்போடு பொருத்துவதில் 2 மில்லிமீட்டர், கேமரா பின்தொடர்வதில் 1, கண்ணுக்குத் தெரிவதில் 1, ஊசி வளைவதில் 2 என்று வைத்துக்கொண்டால், வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க 3.2 மில்லிமீட்டர் வருகிறது. மேலே சொன்ன 56 சதவீதம் வெறும் 2 மில்லிமீட்டருக்கானது.

ஆனால் முதுகெலும்பு அறுவைச் சிகிச்சையில் இதே மாதிரிக் கண்ணாடி ஜெயித்திருக்கிறது. ஆக்மெடிக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்விஷனுக்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2019இலேயே அனுமதி கொடுத்தது. அங்கே ஜெயித்ததற்கு முக்கியக் காரணம் எலும்பு. ஸ்கேனில் இருந்த எலும்பு மேசையிலும் அதே வடிவத்தில் இருக்கும். புரோஸ்டேட்டோ சிறுநீர்ப்பை நிறைந்தால் நகரும், ஊசி பட்டால் நகரும், அல்ட்ராசவுண்ட் கருவி அழுத்தினாலும் நகரும். கண்ணாடி காட்டுவது நேற்றைய புரோஸ்டேட்.

அப்படியானால் கண்ணாடி வீண் என்கிறேனா? இல்லவே இல்லை. நேரடி அல்ட்ராசவுண்ட் படத்தையே கண்ணாடிக்குள் கொண்டுவந்து, கருவி இருக்கும் இடத்திலேயே அந்த வெட்டுப்படம் நிற்கும்படி செய்தால் அது இன்றைய புரோஸ்டேட். மருத்துவர் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்துத் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. எலும்பு வளைவைத் தப்பித்துச் சாய்வாகப் போக வேண்டிய பெரிய சுரப்பிக்கு எந்தக் கோணம் என்று முந்தின நாள் மாலையே ஒத்திகை பார்க்கலாம். பயிற்சிக்கு இதைப் போல் ஒன்று இல்லை. திரையில் மூன்று தட்டைப் படங்களைப் பார்த்து மனசுக்குள் உருவத்தைக் கட்டத் திணறும் இளம் மருத்துவர், கண்ணாடியில் ஒரு முறை சுற்றி வந்தாலே புரிந்துகொள்கிறார்.

செலவுக்கு வருவோம். ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதாக 2024 அக்டோபரில் தெரிந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பு 2027 கடைசி வரைதான். ஓர் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பத்து ஆண்டு ஓட்டும் துறைக்கு இது பெரிய இடி. ஆப்பிள் விஷன் புரோ 2024 ஜூனில் சிங்கப்பூரில் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலை 5,299 வெள்ளி. அது கண்ணாடி வழியாகப் பார்ப்பதில்லை, கேமரா எடுத்த வீடியோவைத்தான் காட்டுகிறது. மின்சாரம் போனால் கண் முன்னே இருட்டு. கையில் ஊசி இருக்கும் நேரத்தில் அதை யோசித்துப் பாருங்கள்.

இந்த விலையெல்லாம் சின்னது. மென்பொருள் உரிமம் தனி. ஒவ்வொரு நோயாளிக்கும் உறுப்புகளின் எல்லையை வரைந்து உருவம் தயாரிக்க ஆள் வேண்டும். சிங்கப்பூரில் நோயாளிக்கு வழிகாட்ட விற்கப்படும் மென்பொருள் மருத்துவக் கருவியாகக் கணக்காகும், சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும். 2018இல் 15 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடப்பட்ட பிறகு, பொது மருத்துவமனைகளில் இணையத்தைத் தனியே பிரித்துவிட்டார்கள். இணையவழிச் சேமிப்பில் (கிளவுட்) தகவலை வைக்கும் கண்ணாடியை மருத்துவமனை வலையமைப்பில் சேர்க்கும் வேலையே மாதக்கணக்கில் இழுக்கும். அப்புறம் எடை. ஹோலோலென்ஸ் 2 கண்ணாடி 566 கிராம். இரண்டு மணி நேரம் குனிந்து நின்று பாருங்கள், கழுத்து சொல்லும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | அல்ட்ராசவுண்டும் தட்டும் | எம்ஆர்ஐயும் அச்சுத் தட்டும் | காந்தப்புலம் | கண்ணாடி |
|---|---|---|---|---|
| இப்போதைய நுனி தெரிகிறதா | ஆம், நேரடியாக | படம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் | ஆம், ஆனால் சதை தெரியாது | நேரடிப் படம் சேர்ந்தால் மட்டும் |
| சாய்வான பாதை | கடினம் | எளிது, முன்பே தீர்மானித்தால் | எளிது | எளிது |
| நடுவில் நின்றால் | சிகிச்சை நிற்கும் | தட்டு அப்படியே இருக்கும் | மற்ற படத்துக்குத் திரும்பலாம் | கழற்றிவிட்டுத் தொடரலாம் |
| மறைந்த செலவு | பழகிய கண் | வடிவமைப்பு நேரம், கிருமி நீக்கம் | அறைதோறும் அளவீடு | உரிமம், வலையமைப்பு, குறுகிய ஆயுள் |

## யாருக்கு எது

புரோஸ்டேட் நோயாளிகளை வழக்கமாகப் பார்க்கும் துறைக்கு நல்ல அல்ட்ராசவுண்டுதான் முதலில். ஜோகூர் தம்பிக்கு இதைத்தான் சொன்னேன். படம் மங்கிப்போன கருவியை வைத்துக்கொண்டு கண்ணாடி வாங்குவது சரியில்லை, கண்ணாடிக்குள் வரப்போவதும் அந்த மங்கிய படம்தானே. பணம் மீந்தால் ஒரே ஒரு கண்ணாடி, அதுவும் பயிற்சி அறைக்கு. அகர் அகர் தூள் எந்தக் கடையிலும் கிடைக்கும். வாரம் ஒரு மாதிரி செய்து, ஊசி வைத்து, சிடியில் அளந்து, எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்று உங்கள் துறையின் எண்ணை நீங்களே எழுதிவையுங்கள். விற்பனையாளர் காட்டும் எண்ணைவிட அது மேல்.

கருப்பை வாய் நோயாளிகள் அதிகம் என்றால் எம்ஆர்ஐ நேரத்துக்குச் சண்டை போடுங்கள். அச்சுத் தட்டு இரண்டாவது. ஊசிகளின் எண் மாறிப்போகும் பயம் இருக்கும் பெரிய துறைகளுக்குக் காந்தப்புலம் தகும். கண்ணாடியை நோயாளி மீது முதலில் வைத்துப் பார்க்கத் தகுந்த இடம் என்று கேட்டால், எலும்பை ஒட்டிய, அதிகம் அசையாத கட்டிகள் என்பேன். அங்கேயும் ஊசி போன பிறகு ஒரு படம் எடுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் மூலத்தை அனுப்ப வேண்டும்.

அக்காவுக்குச் சொன்னது வேறு. கண்ணாடி இருக்கிறதா என்று தேடி மருத்துவமனை மாற வேண்டாம். போகிற இடத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறீர்கள்? ஊசி வைத்த பிறகு அது எங்கே இருக்கிறது என்று எந்தப் படத்தில் பார்ப்பீர்கள்? ஊசியோடு அவரை வேறு அறைக்குக் கொண்டுபோனால், கதிர் கொடுக்கும் முன் மறுபடியும் பார்ப்பீர்களா? மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு இரண்டிலும் பிராக்கிதெரபிக்கு இடம் உண்டு, எவ்வளவு என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

அக்கா துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் அழைத்தார். மூன்றாவது கேள்விக்கு மருத்துவர், "அவரை நகர்த்தவே மாட்டோம், எல்லாம் ஒரே மேசையில்தான்" என்று சொன்னாராம். அங்கேயே தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.